பாகுக் கொட்டகை அமுதவள்ளி

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் சுக்கு மண்டிகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளில் அமுதவள்ளியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்துகொண்ட விதம்தான் ஆளுக்கு ஆள் வேறு. கேஸ் சிலிண்டர் போடுகிறவன் காலி சிலிண்டரை அவள் வாசலில் உருட்டிவிட்டுப் போனதற்குக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியவன். மீன்காரனுக்கு அவன் கூடையாலேயே அடி விழுந்தது. தண்ணீர்க் குழாயடியில் வரிசையை மீறிய ஒரு பெண்ணின் குடம் நசுங்கியதோடு போயிற்று, அவள் புண்ணியம் செய்தவள். அமுதவள்ளி முதலில் பேசுவாள், ஆனால் பேச்சு நீளாது. பேசிக்கொண்டே இருக்கையில் அவள் கண் சற்றுச் சுருங்கினால் எதிரில் நிற்பவர் இரண்டடி பின்னால் போய்விட வேண்டும். சந்தில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்குக்கூட இது தெரியும்.

அவளுடைய அப்பா செல்லப்பா உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டி வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கடையில் வாடிக்கையாளர்களிடம் தேன் சொட்டப் பேசுவார். வீட்டுக்கு வந்தால் இடுப்பு பெல்ட்டை உருவுவார். மனைவி ஆவுடையம்மாள், மகள் அமுதவள்ளி, மகன் ரமேஷ்பாபு என்று யாரையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஆவுடையம்மாளுக்கு இடது காது கேட்காமல் போனது அப்படித்தான். சாகும்வரை அவள் பேசுகிறவர் பக்கம் வலது காதைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். ஏன் என்று யாராவது கேட்டால், பிறவியிலேயே அப்படி என்பாள்.

அமுதவள்ளியைத் திருச்செந்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். முதல் மாதத்திலேயே, மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று புருஷன் அவளை அறைந்தான். அவள் கையில் சப்பாத்திக் கட்டை இருந்தது. அவன் நெற்றி பிளந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கியபோது, அமுதவள்ளி அடுப்பை அணைத்துவிட்டு, பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பின்னாலேயே அவன் வீட்டார் கொச்சிக்கு வந்து கூச்சல் போட்டார்கள். செல்லப்பா அவர்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்றைக்கு அவர் மகளை அடிக்கவில்லை. அதன் பிறகும் அடிக்கவில்லை. அடித்தால் திரும்ப வரும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பெற்றவர்கள் போன பிறகு வீட்டின் முன்பாதியில் தம்பி ரமேஷ்பாபுவும் பின்பாதியில் அமுதவள்ளியும் இருந்தார்கள். தம்பி வெலிங்டன் தீவுக் கிடங்குகளிலிருந்து சரக்கு ஏற்றி இறக்கும் பிக்கப் வேன் ஓட்டினான். அக்காவின் பங்குக்குப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையும் வந்தது. அதில்தான் அவள் பாகு காய்ச்சினாள். கும்பளங்கியில் தென்னை வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்திலிருந்து, சுதர்ஷன் என்ற மரமேறி காலை வேளையில் கேன்களில் நீரா கொண்டுவந்து இறக்குவான். தென்னம்பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீர் அது. புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் குடத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள். அதை அகலச் சட்டியில் ஊற்றி, விறகு வைத்து, நுரை எடுத்து எடுத்து, பொன்னிறம் தாண்டிச் செம்மை ஏறும்வரை காய்ச்சினால் தென்னம்பாகு. ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ள அக்கம்பக்கத்தார் பாத்திரத்தோடு வருவார்கள். அடி வாங்கியவர்களும் வருவார்கள். பாகு அவ்வளவு நன்றாக இருக்கும்.

ரமேஷ்பாபு ஆறுமுகநேரியிலிருந்து மகாவைக் கட்டிக்கொண்டு வந்தான். உப்பளத்தில் வேலை பார்த்த குடும்பம். ஒடிசலான பெண். நடந்தால் சத்தம் வராது. அமுதவள்ளியை "மைனி" என்று கூப்பிடுவதற்குக்கூட அருகில் வந்து நின்றுதான் கூப்பிடுவாள்.

கல்யாணமாகிச் சில வாரங்களிலேயே நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. அமுதவள்ளிக்குப் பழக்கமான சத்தம். முதலில் பாத்திரம் விழும், பிறகு மெத்தென்று ஏதோ மோதும், அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்காது. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முன்பக்கம் போனாள். கதவு தாழிட்டிருந்தது. ஒரே உதையில் தாழ் தெறித்தது. தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துச் சந்துக்கு இழுத்துவந்து, ஊர் பார்க்க அறைந்தாள். இடது கன்னம், வலது கன்னம், மறுபடி இடது.

"ஏலே, அப்பன் பெல்ட்டத் தேடி எடுத்துக்கிட்டியோ? அந்த ஆளே எங்கிட்ட நிறுத்திக்கிட்டாரு. நீ எம்மாத்திரம்லே?"

ரமேஷ்பாபு திருப்பி அடிக்கவில்லை. தலை குனிந்து நின்றான். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள். அமுதவள்ளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் மகாவின் கீழுதடு வீங்கிக் கிழிந்திருந்தது. அமுதவள்ளி மறுபடி தம்பியை அடித்தாள். அடுத்த தடவை மகாவின் முதுகில் சூடு பட்ட தழும்பு. அமுதவள்ளி அவனை வேனிலிருந்து இறக்கி, தெருமுனை சாயாக்கடை முன்னால் வைத்து அடித்தாள். அதற்கடுத்து மகாவின் சுண்டுவிரல் ஒடிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அவள் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"மைனி, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீயளே?"

"சொல்லு. இப்பவே போயி அவன் கைய ஒடிச்சிட்டு வாரேன்."

"அதத்தான் வேண்டாம்ங்கேன். நீங்க அவரத் தெருவுல வச்சு அடிக்கீய. அவரு கதவச் சாத்திட்டு எண்ணி எண்ணி எனக்குத் திருப்பித் தாராரு. 'இது அக்கா தந்தது, இது அக்கா தந்தது'ன்னு சொல்லிச் சொல்லித்தான் அடிக்காரு."

அமுதவள்ளி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாகு பொங்கி விளிம்பைத் தாண்டி விறகில் விழுந்து கருகியது. அவள் வாழ்க்கையில் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அது நோயாளியைக் கொல்கிறது என்று நோயாளியே வந்து சொன்னால் என்ன செய்வது? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அவள் செய்தது இவ்வளவுதான். தம்பியிடம் போய், "கொட்டகையில எனக்கு ஆள் வேணும். ஒம் பொண்டாட்டிய அனுப்பு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதில் மிரண்டோ என்னவோ ரமேஷ்பாபு சரி என்றான். பகல் முழுக்க மகா கண்பார்வையில் இருந்தாள். மற்ற நேரத்துக்கு அமுதவள்ளியிடம் வழி இல்லை.

கொட்டகையில் மகாவுக்குப் பேச்சு வந்தது. வெலிங்டன் தீவில் ஒரு பெரிய ஓட்டலில் சமையலறைச் சாமான் வாங்குகிற தன்யா ஒருநாள் பாகு பார்க்க வந்தபோது, அமுதவள்ளியைவிட மகாதான் அதிகம் பேசினாள். தன்யா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மேப்பிள் மரத்திலிருந்து வடித்துக் காய்ச்சும் வெளிநாட்டுப் பாகு. பாட்டிலுக்குப் பின்னால் பிடித்த விரலின் ரேகை தெரிந்தது.

"ருசி உங்க பாகுதான் சேச்சி. பக்ஷே இது பாருங்க, கலங்கியிருக்கு. அடியில மணலு மாதிரி நிக்குது. கெஸ்ட் பாட்டிலைக் கவுத்துப் பார்த்தா அழுக்குன்னு நினைப்பாங்க."

அது அழுக்கில்லை, சுண்ணாம்பு. எத்தனை மடிப்புத் துணியில் வடித்தாலும் மெல்லிய பொடியாக இறங்கிவிடும். அமுதவள்ளி துணியை முறுக்கிப் பிழிந்தாள். துணிதான் கிழிந்தது. மகா போனில் தேடினாள். அந்த மேப்பிள் பாகைத் தங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே காய்ச்சுகிற ஆட்கள் அதை எப்படித் தெளியவைக்கிறார்கள் என்று ஒரு வீடியோ கிடைத்தது. வரிசையாகத் தகடுகள், நடுநடுவே வடிதுணி, ஒரு முனையில் திருகுச் சக்கரம், ஒரு பம்பு. ஃபில்டர் பிரஸ் என்றார்கள்.

"மைனி, இது எண்ணெய் மில்லுல இருக்குமே!" என்றாள் மகா.

இருந்தது. பள்ளுருத்தியில் மூடிக் கிடந்த ஒரு தேங்காயெண்ணெய் மில்லிலிருந்து பழைய சிறிய பிரஸ் ஒன்றைப் பேசி முடித்து, சுதர்ஷனின் ஆட்டோவில் கட்டி எடுத்துவந்தார்கள். சக்கரத்தைத் திருகினால் தகடுகள் ஒன்றோடொன்று இறுகும். பம்பு பாகைத் தள்ளும். துணியில் கசடு தங்கி, அடுத்த பக்கக் குழாயில் தெளிந்தது வரும். அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதென்று காட்ட ஒரு முள் வைத்த மீட்டர்.

முதல் நாளே அது அமுதவள்ளியைக் கடித்தது. இரும்புத் தகடுகள் குளிர்ந்து கிடந்தன. அதில் கொதிக்கும் பாகை விட்டதும் தகடுகளுக்கு இடையில் அது பசையாய் இறுகி நின்றது. குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. முள் ஏறிக்கொண்டே போனது. அமுதவள்ளிக்குக் கோபம் வந்துவிட்டது. "வரமாட்டியோ நீ?" என்று சக்கரத்தை மேலும் முறுக்கினாள், மோட்டாரை அணைக்கவில்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவில் துணி பிதுங்கி, பக்கவாட்டில் ஒரு கோடு போலப் பாகு சீறி அவள் தோளில் அடித்தது. ஜாக்கெட்டோடு தோல் ஒட்டிக்கொண்டது. மகா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். பிறகு வாளித் தண்ணீரை அவள்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அமுதவள்ளி வலியில் அந்த இரும்பை எட்டி உதைத்து, கால் விரலையும் காயப்படுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பிரஸ் மகாவின் கைக்குப் போயிற்று. அவளுக்கு அதனோடு சண்டை கிடையாது. முதலில் வெந்நீரை ஓடவிட்டுத் தகடுகளைச் சூடாக்குவாள். கொதி தணியாத பாகில், வடிகட்டுவதற்கென்றே விற்கும் வெள்ளைப் பொடியைக் கலந்து மெல்ல அனுப்புவாள். முதலில் வருவது கலங்கலாகத்தான் வரும், அதைச் சட்டியிலேயே திருப்பி ஊற்றுவாள். துணியில் பொடி படிந்து ஏடு கட்டியதும் குழாயில் வருவதன் நிறம் மாறும். முள் ஏறத் தொடங்கினால் மோட்டாரை நிறுத்தி, அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் சக்கரத்தில் கை வைப்பாள். "முள்ளு கீழ வராம சக்கரத்தத் தொட்டா, பக்கத்துல நிக்கவன் வெந்துருவான்" என்று சுதர்ஷனிடம் சொல்லி, அவன் ஆர்வமாக எட்டிப்பார்க்கும்போதெல்லாம் அவனைக் கொட்டகைக் கோடிக்கு விரட்டுவாள். பாகு பாட்டிலில் சாயா நிறத்தில் பளபளத்தது. தன்யா வாரம் தவறாமல் வாங்கினாள்.

தன்யாவுக்கு மகாவின் முகத்தில் மாறி மாறி வரும் நீலமும் மஞ்சளும் கண்ணில் படாமல் இல்லை. ஒருநாள் அமுதவள்ளியை ஓரமாகக் கூப்பிட்டு, ஓட்டல் சமையலறையில் ஆள் எடுப்பதாகவும், வேலை செய்யும் பெண்களுக்குத் தீவிலேயே தங்க இடம் உண்டென்றும் சொன்னாள். "கேட்ல செக்யூரிட்டி உண்டு சேச்சி. அவனால உள்ள வர முடியாது."

அமுதவள்ளி மகாவிடம் சொன்னாள். மகா கசடு வழித்த துணியை அலசிக்கொண்டே கேட்டாள். "போறேன் மைனி" என்றாள். யோசிக்கவே இல்லை.

வேலை பேச மகா தன்யாவோடு தீவுக்குப் போன அன்று, கிடங்கு வாசலில் நின்ற ஒரு லாரிக்காரன் அவளைப் பார்த்துவிட்டான். செய்தி ரமேஷ்பாபுவுக்குப் போயிற்று.

மறுநாள் முற்பகல். ஆனி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது, குழாயில் தெளிந்த பாகு வந்துகொண்டிருந்தது. துணி நிறைந்து முள் ஏறத் தொடங்கியிருந்ததால் மோட்டாரை நிறுத்த மகா கை நீட்டிய நேரம், கொட்டகை வாசலில் ரமேஷ்பாபு நின்றான். கையில் வேனின் ஜாக்கிக் கம்பி. மழைச் சத்தத்தில் அவன் வந்தது யாருக்கும் கேட்கவில்லை.

"தீவுக்குக் குடிபோறியாமே?"

மகா பதில் சொல்வதற்குள் அவன் அவள் கூந்தலைப் பிடித்துவிட்டான். பிரஸ்ஸின் இரும்புச் சட்டத்தில் அவள் நெற்றியைக் கொண்டு மோதினான். ஒருமுறை. மறுபடி. இரண்டாவது மோதலில் ரத்தம் தகடுகளின்மேல் தெறித்தது. அவள் சக்கரத்தின் பக்கம் சரிந்து விழுந்தாள்.

அமுதவள்ளி விறகுக்கட்டையோடு பாய்ந்தாள். முதல் அடி அவன் முதுகில் விழுந்தது. அவன் திரும்பினான். இத்தனை நாளும் குனிந்து நின்று வாங்கிக்கொண்ட அந்த முகம் இப்போது இல்லை. அப்பா செல்லப்பாவின் முகம் இருந்தது. அவன் கம்பியை ஓங்கி இறக்கினான். அமுதவள்ளியின் காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வலது கை தானாகத் தொங்கியது. விறகுக் குவியலுக்குப் பின்னால் மல்லாந்து விழுந்தாள்.

"சந்துல வச்சு அடிச்சேல்ல? கடைத்தெருவுல வச்சு அடிச்சேல்ல? இப்ப அடிடீ! அடி பாப்போம்!"

அவன் அடுத்த அடியை அவள் இடுப்பில் இறக்கினான். அதற்கடுத்ததை முழங்காலில். அமுதவள்ளி நகரப் பார்த்தாள், உடம்பு நகரவில்லை. பிரஸ்ஸுக்குப் பக்கவாட்டில் கால்களை அகட்டி நின்றுகொண்டு, அவன் கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். இது தன் தலைக்கு என்று அவளுக்குத் தெரிந்தது. எத்தனையோ பேரை அடித்திருக்கிறாள், செத்துப்போவோம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்போது நினைத்தாள்.

அவன் கால்களுக்கு அப்பால் மகா எழுந்திருப்பது தெரிந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகமெல்லாம் ரத்தம். ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தாள். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முள் கடைசிக் கோட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அமுதவள்ளி எங்கே கிடக்கிறாள் என்று பார்த்தாள். விறகுக் குவியல் மறைவாக இருக்கிறதென்று தெரிந்துகொண்ட பிறகு, இரண்டு கைகளையும் சக்கரத்தில் வைத்து, ஆன மட்டும் இடது பக்கம் திருப்பினாள்.

தகடுகள் விலகிய இடத்திலெல்லாம் பாகு சீறிக்கொண்டு வந்தது. ரமேஷ்பாபுவின் முகம், கழுத்து, நெஞ்சு, தூக்கிய கைகள் எல்லாவற்றிலும் அது அடித்தது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்துவிடும். பாகு வழியாது, பற்றிக்கொள்ளும். அவன் கத்தியது மழையைத் தாண்டிச் சந்து முழுக்கக் கேட்டது. கம்பி கீழே விழுந்தது. முகத்தைத் தடவிய அவன் கையோடு தோலும் வந்தது. முட்டி மடங்கி விழுந்து உருண்டான்.

மகா சுற்றிக்கொண்டு வந்தாள். அவசரமே இல்லை. கம்பியைக் குனிந்து எடுத்தாள். அவன் தலைமாட்டில் நின்று, அவன் தூக்கிய மாதிரியே இரண்டு கையாலும் தூக்கினாள்.

அமுதவள்ளி அந்த முகத்தைப் பார்த்தாள். அடிக்கப் போகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தடுக்க எழுந்திருக்க முடியாது.

"மகா!" என்று கத்தினாள். "மோட்டார அணை! மோட்டாரு ஓடுது பாரு!"

மகா திரும்பினாள். ஓடுகிற மோட்டாரை அணைப்பது அவள் கைக்குப் பழகிய வேலை. கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் போய் சுவிட்சை அணைத்தாள். அணைத்த பிறகு சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

அமுதவள்ளி ஒற்றைக் கையால் தவழ்ந்து போய்த் தம்பியின் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் உதைத்தான். உதை முறிந்த எலும்பில் பட்டது. அவள் விடவில்லை. பாட்டில் கழுவ வைத்திருந்த டிரம்மைச் சாய்த்து, இருந்த தண்ணீரையெல்லாம் அவன்மேல் கொட்டினாள். "கண்ணத் தொறக்காதலே, தொறக்காத!" என்று கத்தினாள். அவன் "அக்கா, அக்கா" என்று அழுதான். சந்துக்காரர்கள் ஓடிவந்து பார்த்தபோது, அவள் தம்பியின் தலையை மடியில் வைத்து, செம்பால் மழைத்தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் எஸ்.ஐ. கிருஷ்ணபிரசாத் அவள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"சேச்சி, சத்தியம் பறயணும். யாரு அதைத் தொறந்தது?"

"நான்தான் சார்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஸ்டேஷனில் அவள் பெயர் அதற்கு முன்பே பலமுறை அடிபட்டிருக்கிறது. மேல்மாடியில் கட்டுப்போட்டுக் கிடந்த ரமேஷ்பாபுவும் "அக்காதான்" என்றான். மகாவின் தலையில் தையல் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள், அவளுக்கு இரண்டு நாள் பேச்சே வரவில்லை. தான் பொண்டாட்டி கையால் வெந்தவன் என்று சொல்லிக்கொள்ள ரமேஷ்பாபுவுக்கு வாய் வரவில்லை. அமுதவள்ளிக்கோ அது பெரிய பொய்யாகவே தோன்றவில்லை. கை கொஞ்சம் மாறிவிட்டது, அவ்வளவுதானே?

தோளில் கட்டோடு அவளைப் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டவர்களிடம், பெண்டாட்டியை அடித்த தம்பியைப் பாகில் வேகவைத்தேன் என்றாள். தூங்க நல்ல இடம் கொடுத்தார்கள். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

மகா வக்கீல் விசாலாக்ஷியோடு அவளைப் பார்க்க வந்தாள். தலையில் முடி மழித்த இடத்தில் தையல் தெரிந்தது.

"மைனி, நான் போயி உண்மையச் சொல்லப் போறேன்."

"வாய மூடு. நீ சின்னப் பொண்ணு. தீவுல வேல காத்திருக்கு. எனக்கு இதெல்லாம் பழக்கம்."

"ஒங்களுக்குப் பழக்கம்னுதான் எல்லாரும் நம்பிட்டாவ."

"அப்புறம் என்ன? நம்பட்டும்."

"மைனி." மகா கம்பி வலையில் விரல்களைக் கோத்தாள். ஒடிந்து சேர்ந்த சுண்டுவிரல் கோணலாக நின்றது. "அவரு அடிச்சாரு. நீங்க எனக்காவ அடிச்சீய. நடுவுல நான் எங்கயும் இல்ல. இந்த ஒண்ணு நான் செஞ்சது. நல்லதோ கெட்டதோ, அத எங்கிட்டயிருந்து எடுத்துக்காதீய."

அமுதவள்ளிக்குக் கோபம் தலைக்கேறியது. தான் உயிரைக் கொடுத்துச் சொன்ன பொய்யை இவள் வேண்டாம் என்கிறாளே! கட்டுப் போடாத கையால் வலையை ஓங்கி அறைந்தாள். காவலாளி திரும்பிப் பார்த்தாள். மகா விரல்களை எடுக்கவில்லை. அசையவும் இல்லை.

அன்றைக்கே மகா ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். கிருஷ்ணபிரசாத் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது. அமுதவள்ளி வெளியே வந்தாள், மகா உள்ளே போனாள். மகாவைப் பார்க்கப் போகவே மாட்டேன் என்று அமுதவள்ளி சில நாள் முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் டிபன் பாக்ஸில் நெத்திலி வறுவலோடு போனாள். வெளிச்சாப்பாட்டை அவர்கள் உள்ளே விடவில்லை. வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தாள். ஜாமீன் கிடைத்து மகா வந்தபோது, விசாலாக்ஷியின் ஆட்டோவிலிருந்து அவளைத் தூக்காத குறையாக இறக்கியதும் அமுதவள்ளிதான்.

வழக்கு நடந்து முடிய வருஷங்கள் ஆயின. ஜாக்கிக் கம்பி, மகாவின் தலைத் தையல், அமுதவள்ளியின் எலும்பு, சந்துக்காரர்களின் சாட்சி எல்லாம் ஒரே பக்கம் பேசின. தூக்கிய கம்பிக்கும் ஒரு தலைக்கும் நடுவில் அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லி நீதிபதி மகாவை விடுவித்தார். ரமேஷ்பாபுவுக்குத் தண்டனை கிடைத்தது. இடது கண் பார்வை அவனுக்குத் திரும்பவில்லை. சிறையிலிருந்து வந்தவன் சந்துக்கு வரவில்லை. தூத்துக்குடியில் யாரோ உறவுக்காரரின் உப்பு லாரிக்குக் காவல் இருப்பதாகச் சொன்னார்கள்.

வழக்குக்குச் சாட்சிப் பொருளாகப் போலீஸ் எடுத்துப்போன பிரஸ் துரு ஏறித் திரும்பி வந்தது. இரண்டு பெண்களும் உட்கார்ந்து தேய்த்தார்கள். மோட்டாரைப் போட்டதும் அந்தச் சத்தத்தைக் கேட்டு மகா வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். "என்னால இனி இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது மைனி" என்றாள். ஓட்டலில் அவளுக்கு இன்னும் இடம் உண்டென்று தன்யா சொல்லியிருந்தாள். மகா தீவுக்குப் போனாள்.

அமுதவள்ளி தனியாக ஓட்டக் கற்றுக்கொண்டாள். சுலபமாக வரவில்லை. முள் இறங்கக் காத்திருக்கும்போது அவளுக்குக் கை பரபரக்கும். கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொள்வாள். சந்தில் அவள் அடிதடி நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. போன மாதம்கூட, பள்ளிக்கூடம் போகும் பெண்ணைப் பார்த்து விசிலடித்தவனின் பைக் சாவியைச் சாக்கடையில் எறிந்தாள். ஆனால் அவனைத் தொடவில்லை. அதை எல்லோரிடமும் அவளே ஆச்சரியப்பட்டுச் சொன்னாள்.

விடுமுறை நாளில் மகா படகேறி வந்து, மைனி வீட்டில் சாப்பிட்டுப் போவாள். போன வாரம் அப்படி வந்திருந்தபோது அமுதவள்ளி மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் போன் பண்ணினான்."

மகா தலையைத் தூக்கவில்லை. "என்ன கேட்டாரு?"

"நீ எப்படி இருக்கேன்னு."

"நீங்க என்ன சொன்னீய?"

"ஒண்ணும் சொல்லல. வச்சுட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன். தம்பியில்லா."

மகா முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"அழுங்க மைனி. ஆனா என்னைப் பத்தி அவருகிட்ட எதுவும் சொல்லாதீய. எங்க இருக்கேன்னுகூட."

"சொல்ல மாட்டேன்."

"சரி. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."